மீனில் எத்தனை பெக்கரல்? யார் அளந்தது? — வாசகர் கேள்வி பதில்

2011 சுனாமியில் விபத்துக்குள்ளான ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்திலிருந்து சுத்திகரித்த நீரைக் கடலில் விடுவது பற்றிப் போன இதழில் சுருக்கமாக எழுதியிருந்தேன். அளவுக்குள்தான் இருக்கிறது, ஆனாலும் தொடர்ந்து அளக்க வேண்டும் என்று முடித்திருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்தக் கடைசி வரியைத்தான் பிடித்துக்கொண்டன: எதை, எப்படி, யார் அளக்கிறார்கள்? கேட்க வேண்டிய கேள்விதான். அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

பெக்கரல், சீவர்ட் என்று செய்திகளில் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். எது பெரிது, எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும்?
— கல்லூரி மாணவர், கோவை

இரண்டும் வேறு வேறு விஷயத்தை அளக்கின்றன. ஒரு பொருளில் நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் அது 1 பெக்கரல். அதாவது பெக்கரல் என்பது பொருளில் எவ்வளவு கதிரியக்கம் இருக்கிறது என்ற எண்ணிக்கை. அது உடம்புக்கு எவ்வளவு பாதிப்பு தரக்கூடும் என்பதைச் சொல்வது சீவர்ட். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக, எந்தத் தனிமம், சாப்பிட்டது குழந்தையா பெரியவரா, உடம்பில் அது எங்கே போய்த் தங்கும் என்பதெல்லாம் தெரிய வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அணு உலை விபத்தில் வெளியேறி உணவில் சேரும் கதிரியக்கத் தனிமங்களில் முக்கியமானது சீசியம். ஜப்பானில் பொதுவான உணவுக்கு இப்போது உள்ள வரம்பு கிலோவுக்கு 100 பெக்கரல் சீசியம். சரியாக அந்த வரம்பிலேயே இருக்கும் அரிசியை ஒரு பெரியவர் ஆண்டுக்கு 100 கிலோ சாப்பிட்டால் அவர் உடம்புக்குள் 10,000 பெக்கரல் போகிறது. கேட்கவே பகீரென்று இருக்கும். சீசியம்-137 என்று வைத்துக் கணக்கிட்டால் அது சுமார் 0.13 மில்லிசீவர்ட். இயற்கையாக நமக்கு எல்லோருக்கும் ஆண்டுக்குக் கிடைக்கும் கதிர்வீச்சு உலகச் சராசரியில் 2.4 மில்லிசீவர்ட். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள், நம் ஒவ்வொருவர் உடம்பிலும் பொட்டாசியம்-40 மட்டுமே ஏறத்தாழ 4,000 பெக்கரல் எப்போதும் இருக்கிறது.

ஆகவே ஆயிரம், பத்தாயிரம் என்று ஓர் எண்ணைக் கேட்டதும் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம். எந்தத் தனிமம், எத்தனை கிலோவில், யார் சாப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். இந்த மூன்றும் இல்லாமல் வரும் செய்தி செய்தியே இல்லை.

இணையத்தில் கைகர் கவுன்டர் (கதிர்வீச்சை எண்ணும் கைக்கருவி) ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். மீன் வாங்கும்போது அதன் மேல் வைத்துப் பார்த்து வாங்கலாமா?
— வாசகர், நாகர்கோவில்

முடியாது. இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் கையில் கருவியோடு சந்தையில் நின்று மீனைச் சோதிக்கும் வீடியோக்கள் ஏராளமாகச் சுற்றுகின்றன.

1 கிலோ மீனில் 100 பெக்கரல் சீசியம் இருக்கிறது என்று வையுங்கள். நொடிக்கு 100 சிதைவு. கதிர்கள் எல்லாத் திசையிலும் போகின்றன, அதில் சிறு பங்குதான் உங்கள் கருவியின் குழாய்ப் பக்கம் வரும், வந்த காமாக் கதிர்களிலும் நூற்றில் ஒன்றைத்தான் அந்தக் குழாய் உணரும். அதே நேரம் தரை, சுவர், வானம் எல்லாவற்றிலிருந்தும் வரும் இயற்கைக் கதிர்வீச்சால் கருவி தன்பாட்டுக்கு எண்ணிக்கொண்டே இருக்கும். சந்தைக்கடை இரைச்சலில் கொசு ரீங்காரத்தைத் தேடுகிற கதைதான் இது. வரம்பைக் கொஞ்சம் தாண்டிய மீனும், சுத்தமான மீனும் உங்கள் கருவியில் ஒரே மாதிரிதான் தெரியும். நீங்கள் 'நல்ல மீன்' என்று வாங்கி வருவீர்கள், அதுதான் ஆபத்து.

உங்கள் ஊரில் இன்னொரு குழப்பமும் சேரும். மணவாளக்குறிச்சிப் பக்கம் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, அதில் தோரியம் என்ற இயற்கைக் கதிரியக்கத் தனிமம் இருக்கிறது. அங்கே போய்க் கருவியைத் திறந்தால் எண் எகிறும், கையில் மீனே இல்லாவிட்டாலும்.

சரி, ஆய்வகத்தில் எப்படி அளக்கிறார்கள்? மீன் வந்ததும் எங்கே, எந்தத் தேதியில் பிடித்தது என்று எழுதிக்கொள்கிறார்கள். தலை, முள், குடல் நீக்கிச் சாப்பிடும் சதையை மட்டும் எடுத்துப் பொடியாகக் கொத்துகிறார்கள். ஒரு மீனுக்குப் பயன்படுத்திய கத்தியும் பலகையும் கழுவாமல் அடுத்த மீனுக்குப் போகக் கூடாது, போனால் முந்தைய மீனின் சீசியம் இந்தக் கணக்கில் ஏறிவிடும். கொத்திய சதையை எடை பார்த்து, காற்று இடைவெளி இல்லாமல், பாத்திரத்தில் போட்டிருக்கும் கோடு வரை அழுத்தி நிரப்புகிறார்கள். கோட்டுக்குக் கீழே அரை விரல் குறைந்தாலும் கணக்கு மாறும், ஏனென்றால் கருவியைச் சரிபார்த்தது அந்த அளவுக்குத்தான். பாத்திரத்தின் வெளிப்பக்கத்தைத் துடைத்து, பாலிதீன் பையில் போட்டு, கனமான ஈயச் சுவருக்குள் இறக்கி மூடுகிறார்கள். உள்ளே இருப்பது ஜெர்மானியம் படிகம், பெரும்பாலும் திரவ நைட்ரஜனால் மைனஸ் 196 டிகிரி அளவுக்குக் குளிர வைத்தது. வெளியில் இருந்து வரும் கதிர்களை ஈயம் பெருமளவு தடுத்துவிடுவதால் இரைச்சல் அடங்குகிறது.

பிறகு காத்திருக்க வேண்டியதுதான். திரையில் மெல்ல மெல்ல மேடுகள் எழும். கதிரின் ஆற்றலைக் காட்டும் கிலோ எலக்ட்ரான்வோல்ட் அளவுகோலில் 1461 என்ற இடத்தில் பொட்டாசியம்-40 மேடு, அது எந்த உணவை வைத்தாலும் வரும். 662 கிலோ எலக்ட்ரான்வோல்ட் என்ற இடத்தில் மேடு எழுந்தால் சீசியம்-137. 605, 796 இரண்டிலும் எழுந்தால் சீசியம்-134. 364 என்றால் அயோடின்-131. கைகர் கவுன்டரால் இந்த வித்தியாசத்தைச் சொல்லவே முடியாது, அதற்கு எல்லாம் ஒரே 'டிக்' சத்தம்தான்.

உங்கள் கருவி வீண் என்று சொல்லவில்லை. விபத்துக் காலத்தில் தரை எவ்வளவு மாசுபட்டிருக்கிறது, எந்தத் தெருவில் அதிகம், எந்தக் கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் அதிகம் என்று பார்க்க அது நல்ல கருவி. உணவுக்கு மட்டும் வேண்டாம்.

பரிசோதனை அறிக்கையில் 'கண்டறியப்படவில்லை' என்று போட்டால் சுத்தமாக ஒன்றும் இல்லை என்று அர்த்தமா?
— ஆசிரியை, திருச்சி

இல்லை. அந்தக் கருவி, அந்த நேரத்துக்குள், அந்த அளவு மாதிரியில் பார்க்கக்கூடியதைவிடக் குறைவு என்று அர்த்தம். எனவே பக்கத்திலேயே 'கண்டறியும் எல்லை' எவ்வளவு என்று இருக்க வேண்டும். எல்லை கிலோவுக்கு 25 பெக்கரல் என்றால் 20 இருந்தாலும் 'இல்லை' என்றுதான் வரும். எல்லை 1 என்றால் அந்த 'இல்லை' மிகவும் கனமான 'இல்லை'. நேரத்தை நான்கு மடங்காக்கினால்தான் எல்லை பாதியாகக் குறையும், அதனால் வரிசையாக ஆயிரம் மாதிரிகள் காத்திருக்கும் ஓர் ஆய்வகம் ஒவ்வொன்றையும் நாள் முழுக்க வைத்து அளக்க முடியாது. அது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் எல்லையை எழுதாமல் 'இல்லை' என்று மட்டும் எழுதிக் கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன், நீங்களும் ஏற்காதீர்கள்.

விபத்து நடந்த முதல் வாரத்தில் எதை முதலில் அளக்க வேண்டும்? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, அதனால் கேட்கிறேன்.
— வாசகி, சென்னை

பால், கீரை, குடிநீர். இதே வரிசையில். காரணம் அயோடின்-131.

உலையிலிருந்து வெளியே வந்த அயோடின் காற்றோடு போய்ப் புல்லில் படிகிறது, பசு ஒரு நாளில் பெரிய பரப்பு மேய்கிறது, இரண்டே நாளில் அது பாலில் வருகிறது, பாலைக் குடிப்பது குழந்தை, அந்த அயோடின் போய்ச் சேர்வது குழந்தையின் சின்னஞ்சிறு தைராய்டு சுரப்பியில். அதே 1 பெக்கரல் பெரியவருக்குத் தருவதைவிடக் கைக்குழந்தைக்கு ஏறத்தாழ எட்டு மடங்கு பாதிப்புத் தரும். 1957 அக்டோபரில் இங்கிலாந்தில் விண்ட்ஸ்கேல் உலை தீப்பற்றியபோது இதைப் புரிந்துகொண்டு சுமார் 500 சதுர கிலோமீட்டர் பகுதியில் பால் விற்பனையை நிறுத்தினார்கள், பாலைக் கீழே கொட்டினார்கள். 1986 ஏப்ரல் 26-ல் செர்னோபில் வெடித்தபோது சோவியத் அரசு அதைச் செய்யவில்லை, அல்லது மிகத் தாமதமாகச் செய்தது. பெலாரஸ், உக்ரைன், ரஷ்யக் கிராமங்களில் குழந்தைகள் அந்தப் பாலைக் குடித்தார்கள். 2005 வரை அந்த நாடுகளில், விபத்தின்போது 18 வயதுக்குள் இருந்தவர்களில் 6,000-க்கும் மேற்பட்டோருக்குத் தைராய்டு புற்றுநோய் வந்தது. எல்லாமே கதிர்வீச்சால் வந்தவை என்று சொல்ல முடியாது, ஆனால் கணிசமான பங்குக்கு அந்தப் பால்தான் காரணம். பால் டேங்கரை நிறுத்தியிருந்தால் தவிர்த்திருக்கலாம். இதை எழுதும்போது இன்றும் கோபம் வருகிறது.

டோக்கியோவில் 2011 மார்ச் 22-ம் தேதி கனமாச்சி நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் எடுத்த தண்ணீரில் கிலோவுக்கு 210 பெக்கரல் அயோடின் இருந்தது. பெரியவர்களுக்கு அன்றைய வரம்பு 300, கைக்குழந்தைகளுக்கு 100. மறுநாளே அறிவித்துவிட்டார்கள்: பால்பவுடர் கலக்கக் குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்தாதீர்கள் என்று. குழந்தை ஒன்றுக்கு மூன்று பாட்டில் வீதம் தண்ணீர் கொடுத்தார்கள். அடுத்த நாள் அளவு 100-க்குக் கீழே வந்ததும் தடையை விலக்கினார்கள். அளந்து, சொல்லி, மாற்று கொடுத்து, மீண்டும் அளந்து சொன்னார்கள். இதுதான் சரியான முறை.

அயோடின்-131 எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகும். மூன்று மாதத்தில் ஏறக்குறைய மறைந்துவிடும். நல்லதுதானே என்று தோன்றும், ஆனால் அளப்பவருக்கு அது கொடுமை, ஏனென்றால் அந்த நாட்களில் அளக்காமல் விட்டது பிறகு என்றைக்குமே கிடைக்காது. ஃபுகுஷிமாவில் மார்ச் இறுதியில் 1,080 குழந்தைகளின் கழுத்தில்தான் கருவி வைத்துப் பார்த்தார்கள். மற்ற லட்சக்கணக்கான குழந்தைகளுக்குக் கிடைத்தது எவ்வளவு என்பதை இன்று வரை கணக்குப் போட்டுத்தான் ஊகிக்கிறார்கள். தன் குழந்தைக்கு எவ்வளவு என்று கேட்கும் தாய்க்கு ஊகம் போதுமா?

ஜப்பான் அரசு தகவலை மறைத்தது என்கிறார்களே, உண்மையா?
— வாசகர், மதுரை

மறைத்தது என்ற ஒரு சொல்லில் எல்லாவற்றையும் அடைக்க முடியாது. நடந்ததைச் சொல்கிறேன்.

2011 மார்ச் 11 நிலநடுக்கத்திலும் சுனாமியிலும் மின்சாரமும் தொடர்பும் போனதால் ஃபுகுஷிமா மாகாணம் வைத்திருந்த 24 கதிர்வீச்சுக் கண்காணிப்புக் கம்பங்களில் 23 செயலிழந்தன. இது கெட்ட நேரம் மட்டுமல்ல, திட்டமிடலில் இருந்த ஓட்டை. எந்த விபத்துக்காகக் கம்பத்தை நட்டார்களோ, அதே விபத்தில் அது முதலில் விழுந்தது.

அப்புறம் ஸ்பீடி என்ற கணினி முன்கணிப்பு முறை இருந்தது, காற்று எந்தப் பக்கம் கதிரியக்கத்தைத் தள்ளும் என்று சொல்வதற்காகவே பல ஆண்டுகளாக வளர்த்தது. உலையிலிருந்து எவ்வளவு வெளியேறுகிறது என்ற தகவல் இல்லாததால் அதன் முடிவு நம்பகமில்லை என்று அதிகாரிகள் சும்மா இருந்துவிட்டார்கள். எவ்வளவு என்று தெரியாவிட்டாலும் எந்தத் திசை என்று தெரிந்திருக்குமே! நமியே ஊர் மக்கள் ஆயிரக்கணக்கானோர் வடமேற்கில் இருந்த ட்சுஷிமா பகுதிக்குத் தப்பிப் போனார்கள். காற்றும் மழையும் சீசியத்தைக் கொண்டுபோய்க் கொட்டியது அதே வடமேற்குத் திசையில்தான். பள்ளிக்கூடத்தில் தங்கி, வெளியே சமைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். ஸ்பீடி படம் மக்களுக்கு முதலில் காட்டப்பட்டது மார்ச் 23.

அமெரிக்க எரிசக்தித் துறை விமானத்தில் பறந்து அளந்து தயாரித்த வரைபடம் அதற்கு முன்பே ஜப்பான் அரசின் கைக்கு வந்துவிட்டது, வெளியேற்றத்துக்கு அதைப் பயன்படுத்தவில்லை. உலையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் இருந்த இதாதே கிராமம் மக்களை வெளியேற்றிய 20 கிலோமீட்டர் வட்டத்துக்கு வெளியே என்பதால் அப்படியே இருந்தது. வெளியேறச் சொல்லி உத்தரவு வந்தது ஏப்ரல் 22-ல். வட்டம் போட்டுக் காப்பாற்ற முடியாது என்பதை அந்த ஊர் காட்டியது, கதிரியக்கம் காற்றும் மழையும் போன வழியில் போகும்.

ஃபுகுஷிமா அரிசியை இப்போது தைரியமாகச் சாப்பிடலாமா? வேலைக்காக ஜப்பான் போகிறேன்.
— மென்பொருள் பணியாளர், சேலம்

சாப்பிடலாம். நான் சாப்பிடுவேன். ஆனால் இந்தப் பதிலை 2011-ல் சொல்லியிருக்க மாட்டேன்.

அந்த ஆண்டு நடந்தது இரண்டு பெரிய தவறுகள். முதலாவது மாட்டிறைச்சி. ஜூலையில் ஃபுகுஷிமா மாகாணத்தின் மினாமிசோமா பண்ணை ஒன்றிலிருந்து போன மாடுகளின் இறைச்சியில் வரம்புக்கு மேல் சீசியம் தெரிந்தது. அனுப்புமுன் மாடுகளின் உடலுக்கு வெளியே கருவி வைத்துப் பார்த்திருந்தார்கள், தோலில் ஒன்றுமில்லை. மாடு தின்ற வைக்கோல் வயலில் திறந்த வெளியில் கிடந்து கதிரியக்க மழையில் நனைந்த வைக்கோல் என்பதை யாரும் யோசிக்கவில்லை. வெளியே தடவிப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது. இரண்டாவது அரிசி. மாதிரி எடுத்துப் பார்த்துவிட்டு அக்டோபரில் மாகாண ஆளுநரே எல்லாம் பாதுகாப்பு என்று அறிவித்தார். நவம்பரில் ஓனாமி என்ற இடத்தில் ஒரு விவசாயி தானாகவே கேட்டுச் சோதித்த அரிசியில் கிலோவுக்கு 630 பெக்கரல் வந்தது, அன்றைய வரம்பு 500. மலையடிவார வயல், காட்டிலிருந்து வரும் தண்ணீர், பொட்டாசியம் குறைந்த மண். இத்தனை வயலுக்கு ஒரு மாதிரி என்று எடுத்ததில் அந்த வயல் தப்பிவிட்டது.

அறிவிப்பு பொய்த்ததும் நம்பிக்கை முழுதாக உடைந்தது. அதற்குப் பிறகு அவர்கள் செய்ததைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். 2012 அறுவடையிலிருந்து மாதிரியே வேண்டாம், எல்லா மூட்டையையும் அளப்போம் என்றார்கள். 30 கிலோ மூட்டை ஒவ்வொன்றும் பெல்ட் மேல் நகர்ந்து கருவிக்குள் போகும், சில நொடிகள் நிற்கும், தேறியதும் எண் போட்ட ஸ்டிக்கர் ஒட்டப்படும். சந்தேகமான மூட்டை தனியே ஒதுக்கப்பட்டு ஜெர்மானியம் கருவிக்குப் போகும். மாகாணம் முழுக்கச் சுமார் 200 கருவிகள், ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு கோடி மூட்டை. அந்தப் பெல்ட் அருகே அறுவடைக் காலம் முழுவதும் நின்று தூக்கி இறக்கியவர்கள் உள்ளூர் விவசாயக் கூட்டுறவுக்காரர்கள். 2012-ல் புதிய வரம்பான 100-ஐத் தாண்டியவை 71 மூட்டைகள். 2013-ல் 28. 2014-ல் 2. 2015-லிருந்து ஒன்றுகூட இல்லை. 2020-லிருந்து பெரும்பாலான ஊர்களில் மறுபடி மாதிரிச் சோதனைக்கு மாறிவிட்டார்கள்.

எண் குறைந்ததற்குக் காரணம் காலம் மட்டுமல்ல. சீசியமும் பொட்டாசியமும் வேதியியலில் ஒரே குடும்பம், மண்ணில் பொட்டாசியம் போதுமானதாக இருந்தால் நெற்பயிர் சீசியத்தை அவ்வளவாக எடுக்காது. அதனால் வயல்களில் பொட்டாஷ் உரம் போட்டார்கள். அளந்ததால்தான் எந்த வயலில் போட வேண்டும் என்று தெரிந்தது.

காட்டுக் காளான், காட்டுப்பன்றி இறைச்சி, மலையில் தானாக முளைக்கும் கீரை வகைகள் மட்டும் இன்றும் கவனிக்க வேண்டியவை. காட்டை யாரும் உழுது உரம் போடுவதில்லை. ஜெர்மனியின் தெற்கே காட்டுப்பன்றிகளில் இப்போதும் அங்குள்ள 600 பெக்கரல் வரம்பைத் தாண்டுகிறது. செர்னோபில் சீசியத்தோடு, அதற்கு முந்தைய அணுகுண்டுச் சோதனைகளின் சீசியமும் அதில் இருப்பதாக 2023-ல் வெளிவந்த ஆய்வு சொன்னது.

இங்கே வேல்ஸில் பழைய ஆட்டுப் பண்ணைக்காரர் ஒருவர் செர்னோபில் தன் ஆடுகளைப் பாதித்தது என்றார். இவ்வளவு தூரத்திலா?
— லண்டன் வாசகர்

ஆமாம். கதிரியக்க மேகம் வந்த நேரத்தில் வேல்ஸிலும் இங்கிலாந்தின் கம்ப்ரியாவிலும் மலைகளில் மழை பெய்தது. 1986 ஜூனில் ஆடுகளை விற்கத் தடை போட்டபோது சில வாரங்களில் முடிந்துவிடும் என்றார்கள். முழுதாக விலகியது 2012-ல்! களிமண் சீசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அந்த மலைகளில் இருப்பதோ மக்கிய கரிமண், அதனால் சீசியம் புல்லுக்கும் புல்லிலிருந்து ஆட்டுக்கும் ஆண்டுதோறும் சுற்றிக்கொண்டே இருந்தது.

அங்கே ஆட்டை அறுக்காமலே அளந்தார்கள். ஆட்டைப் பிடித்து நிறுத்தி அதன் பின்பக்கச் சதைமேல் கருவியை அழுத்தி வைத்து, சதைக்குள்ளிருந்து வரும் காமாக் கதிர்களை எண்ணுவார்கள். கிலோவுக்கு 1,000 பெக்கரலைத் தாண்டியதாகத் தெரிந்தால் சாய அடையாளம், அந்த ஆட்டை அறுக்கக் கூடாது. தாழ்வான நல்ல மேய்ச்சலுக்கு மாற்றினால் சில வாரங்களில் உடம்பிலிருந்து சீசியம் பெருமளவு வெளியேறிவிடும். சோதனைக்குத் தரும் ஒவ்வோர் ஆட்டுக்கும் பண்ணைக்காரருக்கு 1.30 பவுண்டு நஷ்டஈடு. கால் நூற்றாண்டு அதே தொகை.

1980-களில் செர்னோபில் வெண்ணெய் மும்பைக்கு வந்ததாகக் கேள்விப்பட்டேன்.
— வாசகர், மாட்டுங்கா, மும்பை

அயர்லாந்து வெண்ணெய். ஐரோப்பிய உதவியாக, வெண்மைப் புரட்சித் திட்டத்துக்கு வந்தது. அதில் செர்னோபில் கதிரியக்கம் இருக்கிறது என்று வழக்குப் போட்டார்கள், உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதிமன்றம் மூன்று நிபுணர்கள் கொண்ட குழுவிடம் கேட்டது, பாதுகாப்பானது என்று குழு சொன்னது, 1988-ல் விற்க அனுமதி கிடைத்தது. அறிவியல்படி அந்த முடிவு சரி என்றுதான் நினைக்கிறேன். சீசியம் தண்ணீரில் கரையும், கொழுப்பில் சேராது, அதனால் பாலைக் கடைந்தால் சீசியம் பெரும்பாலும் மோரோடு போய்விடும், வெண்ணெயில் மிஞ்சுவது கொஞ்சம். வழக்குப் போட்டவர்கள் கேட்டதும் நியாயமானதே. அவர்கள் கேட்டதால்தான் நாட்டில் பலர் பெக்கரல் என்ற சொல்லையே முதன்முதலில் கேள்விப்பட்டார்கள்.

கழுவினால், வேகவைத்தால் போய்விடுமா?
— இல்லத்தரசி, ஈரோடு

முதல் நாட்களில் கீரை இலைமேல் படிந்திருப்பதில் ஒரு பகுதி கழுவினால் போகும். வேர் வழியாக உள்ளே ஏறியது கழுவினால் போகாது. வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் சீசியம் ஓரளவு குறையும், அந்தத் தண்ணீரை ரசத்துக்கு எடுக்கக் கூடாது. அரிசியில் தவிட்டுப் பகுதியில்தான் சீசியம் அதிகம், தீட்டினால் பாதி அல்லது அதற்கும் கீழே வந்துவிடும். கொதிக்க வைத்தால் கிருமி சாவதுபோல் கதிரியக்கம் சாகாது, இதை மட்டும் மறக்காதீர்கள். வற்றக் காய்ச்சினால் செறிவு கூடத்தான் செய்யும்.

கடலில் விடும் தண்ணீரில் இருப்பது ட்ரிட்டியம் மட்டும்தான் என்கிறார்கள். அதை எப்படி அளப்பது? மீனில் வருமா? நாங்கள் கடலை நம்பிப் பிழைப்பவர்கள், கூடங்குளமும் பக்கத்திலேயே இருக்கிறது.
— மீனவர், ராதாபுரம் வட்டம்

அண்ணே, உங்கள் கேள்வியைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், இதுவரை சொன்னது எல்லாம் உங்களுக்குத்தான் அதிகம் பொருந்தும்.

ட்ரிட்டியம் மட்டும்தான் என்பது சரியல்ல. சுத்திகரிப்பில் பிரிக்க முடியாதது ட்ரிட்டியம், அது ஹைட்ரஜனின் கதிரியக்க வகை, நீரோடு நீராகவே இருக்கும்; மற்றவை வரம்புக்குக் கீழே மிகச் சிறிய அளவில் இருக்கும். ட்ரிட்டியத்தின் கதிர் மிகவும் பலவீனமானது, தோலைக்கூடத் தாண்டாது. அதனால் ஜெர்மானியம் கருவிக்கும் அது தெரியாது, கைகர் கவுன்டரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தண்ணீரைக் காய்ச்சி வடித்து, ஒளிரும் திரவம் ஒன்றோடு கலந்து, இருட்டறைக் கருவிக்குள் வைத்து மினுக்குகளை எண்ண வேண்டும். மீன் என்றால் சதையிலிருந்து நீரைப் பிரித்து எடுக்க வேண்டும், சதையோடு வேதியியலாகச் சேர்ந்துவிட்ட ட்ரிட்டியத்தை அளக்கக் காயவைத்து எரித்து வரும் நீரைப் பிடிக்க வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஸ்ட்ரான்சியம்-90 என்ற இன்னொரு கதிரியக்கத் தனிமம் இன்னும் சிரமம், வேதியியல் முறையில் பிரித்து, அதிலிருந்து இட்ரியம் உருவாகச் சுமார் இரண்டு வாரம் காத்திருந்து அளப்பார்கள். எலும்பில் போய்த் தங்குவது அது என்பதால் மீனை முள்ளோடு சாப்பிடுகிறவர்கள் அதையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

2023 ஆகஸ்ட் 24-ல் தொடங்கி ஃபுகுஷிமாவில் விடும் நீரில் ட்ரிட்டியம் லிட்டருக்கு 1,500 பெக்கரலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள், குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வழிகாட்டு அளவு 10,000. அந்த எண்ணை வைத்துப் பார்த்தால் எனக்குப் பெரிய பயம் இல்லை. மீனில் கவலைப்பட வேண்டியது விபத்தின்போது வெளியேறிய சீசியம்தான். 2012 ஆகஸ்டில் மினாமிசோமா கடலில் பிடித்த மீனில் கிலோவுக்கு 25,800 பெக்கரல் வந்தது. 2023 மே மாதத்தில்கூட உலையின் துறைமுகத்துக்குள் பிடித்த பாறைமீன் ஒன்றில் 18,000 வந்தது. வெளிக்கடல் மீன்களில் வெகு காலமாகவே பெரும்பாலும் கண்டறியப்படும் அளவுக்கே இல்லை. ஃபுகுஷிமா மீனவர் கூட்டுறவு தனக்கென்று ஒரு வரம்பு வைத்துக்கொண்டது, அரசின் 100 வேண்டாம், எங்களுக்கு 50 என்று. மீன் இறக்கும் துறையிலேயே அளந்து, தாண்டினால் அந்த வகை மீனையே அனுப்புவதில்லை. அதிகாரி சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அந்தக் கடலிலேயே பிழைக்கிறவர்கள் தாங்களே எடுத்த முடிவு அது.

இவாக்கி நகரில் தாய்மார்கள் சேர்ந்து 2011 நவம்பரில் தராச்சினே என்ற ஆய்வகத்தைத் தொடங்கினார்கள். நன்கொடையில் கருவி வாங்கி, சீசியத்தில் ஆரம்பித்து, பிறகு ட்ரிட்டியம், ஸ்ட்ரான்சியம் வரைக்கும் அளக்கக் கற்றுக்கொண்டார்கள், படகில் போய் உலைக்கு முன்னால் உள்ள கடல்நீரை எடுத்து வந்து பார்க்கிறார்கள். சேஃப்காஸ்ட் என்ற தன்னார்வலர் குழு காரின் ஜன்னலுக்கு வெளியே கருவியைக் கட்டி, ஐந்து நொடிக்கு ஒருமுறை இடத்தையும் அளவையும் பதிந்தபடி தெருத்தெருவாக ஓட்டி, கோடிக்கணக்கான அளவீடுகளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறது.

நம் பக்கம் கூடங்குளத்திலும் கல்பாக்கத்திலும் அணுசக்தித் துறையின் சுற்றுச்சூழல் ஆய்வகங்கள் இருக்கின்றன. உலை ஓடத் தொடங்கும் முன்பிருந்தே மீன், பால், காய்கறி, மண், கடல்நீர் எடுத்து அளக்கிறார்கள். அங்கே வேலை செய்பவர்கள் திறமையானவர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எனக்குக் குறையாகப் படுவது, அந்த அளவீடுகள் உங்கள் ஊர் மீன் ஏலக்கூடத்துக்கு வந்து சேராததுதான். மாதம் ஒரு தாள், தமிழில், எந்த மீன், எங்கே பிடித்தது, சீசியம் எவ்வளவு, கண்டறியும் எல்லை எவ்வளவு என்று ஊராட்சி அலுவலகத்திலும் ஏலக்கூடத்திலும் ஒட்டச் சொல்லி உங்கள் சங்கத்தின் பேரில் எழுதிக் கேளுங்கள். மீனில் இயற்கையாகவே பொலோனியம்-210 என்ற கதிரியக்கத் தனிமம் இருக்கும், அதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள், அப்போதுதான் இயற்கையில் இருப்பது எது, உலையிலிருந்து வந்தது எது என்று பிரித்துப் பார்க்க முடியும். மாதிரி எடுக்கும் நாளில் உங்கள் ஆட்கள் இரண்டு பேர் கூட இருக்கலாமா என்றும், அதே மீனில் பாதியை வேறொரு பல்கலைக்கழக ஆய்வகத்துக்கும் அனுப்பலாமா என்றும் கேளுங்கள். ஃபுகுஷிமா நீரையும் மீனையும் சர்வதேச அணுசக்தி முகமை அப்படித்தான் பல நாட்டு ஆய்வகங்களுக்குப் பிரித்துக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிறது.

இதை இப்போதே கேட்க வேண்டும், உலைகள் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்போதே. இன்றைக்கு உங்கள் கடல் மீனில் எவ்வளவு என்ற கணக்கு கையில் இருந்தால்தான், நாளைக்கு எங்கேயாவது ஏதாவது ஆகி உங்கள் மீனை யாரும் வாங்க மறுத்தால், எடுத்துக் காட்ட ஒரு தாள் இருக்கும். விண்ணப்பம் எழுத உதவி வேண்டுமென்றால் பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள், சேர்ந்தே எழுதலாம்.